தேனிக்கு ரயில் வந்துருச்சு, சரி... யாருக்காக?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கித் திருத்தப்பட்டுள்ளது.)

இன்னைக்கு ஒரு ஸ்டேஷன் கதை. முதல்ல ஜப்பான்ல ஆரம்பிக்கிறேன், பத்து நிமிஷத்துல நம்ம ஊருக்கு வந்துருவேன். பயப்படாதீங்க.

2016 ஜனவரியில ஒரு போட்டோ உலகம் முழுக்க சுத்துச்சு. உங்க ஃபேமிலி வாட்ஸப் குரூப்லயும் கண்டிப்பா வந்திருக்கும். சுத்தி எங்க பார்த்தாலும் பனி. நடுவுல மரத்தால ஆன ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷன். ஸ்கூல் யூனிஃபார்ம்ல ஒரு பொண்ணு. கீழ கதை: ‘இந்த ஒரே ஒரு மாணவிக்காக ஜப்பான் ரயில்வே ஒரு ஸ்டேஷனையே மூடாம வச்சிருக்கு. அவ படிப்பு முடிஞ்சதும் மூடிருவாங்க.’ நானும் பார்த்தேன், கண் கலங்குனேன், ஃபார்வர்ட் பண்ணேன்.

கொஞ்சம் தேடிப் பார்த்தா கதை அவ்வளவு நேரா இல்ல. முதல்ல, ஸ்டேஷன் பேரே பல பேர் தப்பாப் போட்டிருந்தாங்க. ஹொக்கைடோ தீவுல ஷிரதாகின்னு ஒரு பகுதி. அங்க காமி ஷிரதாகி, க்யூ ஷிரதாகி, ஷிமோ ஷிரதாகின்னு வரிசையா குட்டிக் குட்டி ஸ்டேஷன்கள். வைரல் ஆனது காமி ஷிரதாகி. அந்தப் பொண்ணு ஏறினது க்யூ ஷிரதாகி. அந்த வருஷம் மார்ச் கடைசியில மூணையும் சேர்த்தே மூடினாங்க. ஏன் மார்ச்? ஜப்பான்ல ரயில் டைம் டேபிளை வழக்கமா மார்ச்லதான் மாத்துவாங்க. ஸ்கூல் வருஷம் முடியறதும் மார்ச்லதான். ஆக, ‘அவளுக்காக மட்டுமே’ங்கறதை நாமளாச் சேர்த்துக்கிட்டோம்.

ஆனா அந்தக் கதையில ஒரு விஷயம் பொய் இல்ல. காலையில ஸ்கூலுக்குப் போற நேரத்துக்கு அந்த ஸ்டேஷன்ல ஒரு வண்டி நின்னுச்சு. சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்து விடவும் வண்டி இருந்துச்சு. இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. கடைசியில திரும்ப இங்கதான் வரப்போறோம்.

இப்ப நம்ம ஊர்.

எனக்குச் சொந்த ஊர் சின்னமனூர். கம்பம் பள்ளத்தாக்கு. தேனியிலிருந்து கம்பம் போற ரோட்டுல, ஒரு பக்கம் நெல்லு, இன்னொரு பக்கம் திராட்சைப் பந்தல், எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைன்னு இருக்குமே, அந்த ஊர். அம்மா வழி அம்மாச்சிக்கு போடிநாயக்கனூர். சின்ன வயசுல அம்மாச்சி வீட்டுக்குப் போனா, சாயங்காலம் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. ரயில் ஏற இல்ல. சும்மா பார்க்க. மீட்டர் கேஜ் வண்டி. போடிதான் கடைசி ஸ்டேஷன். அதுக்கு மேல தண்டவாளம் இல்ல, மலைதான். ‘இதுக்கு மேல ஏன் அம்மாச்சி ரயில் போகாது?’ன்னு கேட்டா, ‘மலையில என்ன ரயிலாய்யா ஏறும், ஏலக்கா மூட்டைதான் இறங்கும்’ம்பாங்க.

அம்மாச்சி விளையாட்டாச் சொன்னதுல இருந்த வரலாறு எனக்கு ரொம்ப நாள் கழிச்சுதான் புரிஞ்சுது. போடியில ரயில் வந்ததே மலைக்காகத்தான்.

நூறு வருஷம் பின்னாடி போங்க. மூணாறுல வெள்ளைக்காரக் கம்பெனிகள் தேயிலை போட்டிருந்த காலம். அந்தத் தேயிலை கப்பலுக்குப் போகணும். இப்ப நாம மூணாறுன்னா கேரளா, கொச்சின்னு நினைக்கிறோம். அப்ப ரூட்டு இந்தப் பக்கம் இருந்துச்சு. மூணாறுலிருந்து குண்டளை பள்ளத்தாக்கு வழியா டாப் ஸ்டேஷன் வரைக்கும் ஒரு சின்ன ரயில். 1902ல மோனோ ரயிலா ஆரம்பிச்சு, 1908ல குறுகிய பாதை ரயிலா மாத்தினாங்க. டாப் ஸ்டேஷன்னு நீங்க ரீல்ஸ்ல பார்க்கிறீங்களே, அந்தப் பேருல இருக்கிற ‘ஸ்டேஷன்’ இதுதான். அங்கிருந்து ரோப்வேயில பெட்டி பெட்டியா தேயிலை கொட்டகுடிக்கு இறங்கும். கொட்டகுடியிலிருந்து மாட்டு வண்டியில போடி. அப்புறம் சமவெளியில ரயில் பிடிச்சு, தூத்துக்குடி, கப்பல்.

1924ல பெரிய வெள்ளம் வந்துச்சு. கேரளாவுல இன்னைக்கும் ‘தொண்ணூத்தொன்பது வெள்ளம்’னு சொல்வாங்க, மலையாள ஆண்டுக் கணக்குல 1099. அதுல மூணாறு ரயில் அடிச்சுட்டுப் போயிருச்சு. திரும்பப் போடவே இல்ல. நாலு வருஷம் கழிச்சு, 1928ல, மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்துச்சு. மேல ஒரு ரயில் போச்சு, கீழ ஒரு ரயில் வந்துச்சு.

அதுக்கு முன்னாடி இந்தப் பள்ளத்தாக்குக்குப் பக்கத்து ரயில்வே ஸ்டேஷன் எது தெரியுமா? அம்மையநாயக்கனூர். இன்னைக்கு நாம கொடைரோடுங்கிற ஸ்டேஷன். பென்னிகுவிக் முல்லைப் பெரியாறு அணை கட்டினாரே, 1895ல முடிஞ்சுதே, அந்த அணைக்கு வேண்டிய சாமானெல்லாம் அம்மையநாயக்கனூர்ல இறக்கி, அங்கிருந்து மாட்டு வண்டியில கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கக் கடந்து மலை அடிவாரம் போச்சு. ரயில் இல்லாத ஊரு எவ்வளவு தூரத்துல இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க.

சரி, 1928ல ரயில் வந்துச்சு. மதுரை, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி கணவாய், தேனி, போடி. மொத்தம் 90 கிலோமீட்டர். அப்புறம் நிம்மதியா ஓடுச்சான்னா, இல்ல. இரண்டாம் உலகப்போர் வந்ததும், ‘இந்தப் பாதை இப்போதைக்கு வேண்டாம், இரும்பு வேணும்’னு தண்டவாளத்தையே பிரிச்சு எடுத்துட்டாங்க. இந்தியாவுல பல கிளைப் பாதைகளுக்கு அந்தக் கதி. சுதந்திரம் வந்து, 1950கள்லதான் மறுபடி தண்டவாளம் போட்டு ரயில் ஓட்டினாங்க. ஒரு தலைமுறை ரயிலைப் பார்த்தது, இழந்தது, மறுபடி பார்த்தது.

ரெண்டாவது தடவை இழந்தது நம்ம தலைமுறை.

2010 டிசம்பர் கடைசி. ‘மீட்டர் கேஜை அகலப்பாதையா மாத்தப் போறோம்’னு வண்டியை நிறுத்தினாங்க. சரியான முடிவுதான், அதுல எனக்குச் சண்டை இல்ல. மெயின் லைன் முன்னாடியே அகலப்பாதை ஆயிருச்சு. மீட்டர் கேஜ் வண்டி மதுரையைத் தாண்டி எங்கயும் போக முடியாது. ஏலக்காய் மூட்டையோ மனுஷனோ, மதுரையில இறங்கி மாறித்தான் ஆகணும். மாத்தினா சென்னைக்கு நேரா போகலாம். நல்ல காரணம்.

மீட்டர் கேஜ்னா ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல 1000 மில்லிமீட்டர். அகலப்பாதைன்னா 1676. வித்தியாசம் 676 மில்லிமீட்டர். ஒரு முழம், அதுக்கு மேல ஒரு சாண், அவ்வளவுதான். அந்த இடைவெளியைத் தாண்ட தேனிக்குப் பதினோரு வருஷத்துக்கு மேல ஆச்சு. போடிக்குப் பன்னிரண்டரை வருஷம்.

ஒரு தகவல் சொல்றேன். ஜப்பான்ல புல்லட் ரயிலுக்கு அகலமான தண்டவாளம். அந்த ஷிரதாகி மாதிரி சாதா பாதையெல்லாம் 1067 மில்லிமீட்டர். நம்ம மீட்டர் கேஜைவிட வெறும் 67 மில்லிமீட்டர்தான் கூட. அவங்க அதைப் பெரும்பாலும் மாத்தவே இல்ல. அதுலயே ஓட்டுறாங்க. அவங்க பண்ணதுதான் சரின்னு சொல்ல வரல. நம்ம நாட்டு சரக்கு, கூட்டம் வேற. ஆனா சின்னப் பாதையா இருக்கிறதால மட்டும் ஒரு ரயில் உபயோகமில்லாமப் போயிராது.

அந்தப் பன்னிரண்டு வருஷத்துல என்ன நடந்துச்சு? தேனி மாவட்டத்துல இருந்த ஒரே ரயில் பாதை இதுதான். ஆக, ஒரு மாவட்டமே ரயில் இல்லாம இருந்துச்சு. நான் எட்டாவது படிக்கும்போது நின்ன வண்டி. நான் ஸ்கூல் முடிச்சு, காலேஜ் முடிச்சு, வேலைக்குப் போயி, ரெண்டு கம்பெனி மாறிட்டேன். ஸ்டேஷன்ல ஆடு மேஞ்சுது. தண்டவாளம் எடுத்த இடத்துல கருவேலம் முளைச்சுது. ‘அடுத்த வருஷம் வந்துரும்’ங்கறது ஊர்ல ஒரு ஜோக் ஆயிருச்சு. கடன் கேட்டா, ‘ரயில் வந்ததும் தர்றேன்’னு சொல்ற அளவுக்கு.

துண்டு துண்டா வேலை நடந்துச்சு. மதுரையிலிருந்து உசிலம்பட்டி 37 கிலோமீட்டர். அங்கிருந்து ஆண்டிபட்டி 21. தேனி 17. போடி 15. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சோதனை ஓட்டம். ஒவ்வொரு சோதனை ஓட்டத்துக்கும் ஊரே கூடி நின்னு செல்ஃபி எடுத்துச்சு. காலி இன்ஜின் வந்துட்டுப் போறதுக்குக் கைதட்டின ஊர் எங்க ஊர்.

2022 மே 26ஆம் தேதி, மதுரை - தேனி ரயிலைப் பிரதமர் சென்னையிலிருந்து தொடங்கி வச்சார். 75 கிலோமீட்டர், 500 கோடி ரூபாய்க்கு மேல செலவு. மறுநாள் காலையில வண்டி வந்தப்ப நான் அங்க இல்ல. அம்மா வீடியோ கால்ல காமிச்சாங்க. கூட்டத்துல ஒரு பெரியவர் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுக்கிட்டிருந்தார். அம்மா போனைக் கையில பிடிச்சுக்கிட்டு, ‘அம்மாச்சி இருந்திருந்தா...’ன்னு ஆரம்பிச்சு நிறுத்திட்டாங்க. அம்மாச்சி 2017லயே போயிட்டாங்க. அவங்க பார்த்த கடைசி ரயில் 2010ல போனதுதான்.

2023 ஜூன் 15. போடிக்கும் வந்துருச்சு. அதோட மதுரை வரைக்கும் ஓடிக்கிட்டிருந்த சென்னை சென்ட்ரல் வண்டியைப் போடி வரைக்கும் நீட்டினாங்க. வாரத்துக்கு மூணு நாள்.

கதை இங்க முடிஞ்சிருந்தா நல்லா இருக்கும். ஆனா நான் இந்த எபிசோடு பண்ண நினைச்சது இதுக்கு அப்புறம் நடந்ததுக்காகத்தான்.

போன பொங்கலுக்கு முந்தி ஊருக்குப் போயிருந்தேன். தேனி ஸ்டேஷன் வெளிய டீக்கடையில நின்னு, பெரிய மனுஷன் மாதிரி, ‘ரயில் வந்தது எவ்வளவு வசதில்ல?’ன்னு கடைக்கார அண்ணன்கிட்ட கேட்டேன். அவர் டீயை ஆத்திக்கிட்டே கேட்டார், ‘உனக்கா, எங்களுக்காப்பா?’

எனக்குப் புரியல. ‘ஏண்ணே?’ன்னேன்.

‘எங்க பிள்ளை மதுரையில காலேஜ் படிக்குது. காலையில ரயிலு மதுரையில இருந்து இங்க வருது. சாயந்தரம் இங்க இருந்து மதுரைக்குப் போகுது. எம்பிள்ளை காலையில மதுரைக்குப் போகணும், சாயந்தரம் வீட்டுக்கு வரணும். இந்த வண்டியில போனா ராத்திரிதான் காலேஜுக்குப் போகும்.’

பக்கத்துல நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க. எனக்கு அப்பதான் உறைச்சுது.

டைம் டேபிளை எடுத்துப் பாருங்க. 2022ல தொடங்கினப்ப வண்டி காலை எட்டரை வாக்குல மதுரையில கிளம்பும். ஒன்பதரை மணி வாக்குல தேனி. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல தேனியில கிளம்பி ஏழரைக்கு மதுரை. போடி வரைக்கும் நீட்டின பிறகும் அமைப்பு அதேதான். காலையில மலைப்பக்கம், சாயங்காலம் மதுரைப்பக்கம். மதுரையில குடியிருந்து தேனியில ஆபீஸ் வேலை பார்க்கிறவருக்கு அருமையான வண்டி. அவங்களுக்கும் ரயில் வேணும், வேண்டாம்னு சொல்லல. ஆனா தேனியிலிருந்து மதுரைக்குப் படிக்க, ஆஸ்பத்திரிக்கு, கோர்ட்டுக்குப் போறவங்களுக்கு அது தலைகீழ் வண்டி. ரயில் டிக்கெட் பஸ்ஸைவிடக் கம்மி. ஆனா கம்மியான டிக்கெட்டை வச்சு என்ன பண்றது, வண்டி எதிர்ப்பக்கம் போனா?

அடுத்து சென்னை வண்டி. சென்னையிலிருந்து திங்கள், புதன், வெள்ளி ராத்திரி. போடியிலிருந்து செவ்வாய், வியாழன், ஞாயிறு ராத்திரி. வெள்ளிக்கிழமை ராத்திரி பத்தரைக்குச் சென்ட்ரல்ல ஏறினா, சனிக்கிழமை காலை டிஃபனுக்கு ஊர். ஞாயித்துக்கிழமை ராத்திரி ஏறினா, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குச் சென்ட்ரல். ஆபீஸ் லாகின் பண்ணிரலாம்.

இது யாருக்கான டைம் டேபிள்? எனக்கு. இதைக் கேட்டுக்கிட்டிருக்கிற உங்கள்ல பாதிப் பேருக்கு. ஊரை விட்டுப் போய், வார லீவுக்கு வர்றவங்களுக்கு. ஊர்லயே இருக்கிறவங்க தினமும் காலையில எங்க போகணுமோ, அங்க போறதுக்கு வண்டி இல்ல. டீக்கடை அண்ணன் கேட்டது குத்தல் இல்ல, சரியான கேள்வி.

இன்னும் ஒண்ணு. கம்பம் பள்ளத்தாக்குன்னு சொல்றோமே, அந்தப் பள்ளத்தாக்குக்குள்ள ரயில் வரவே இல்ல. தேனியிலிருந்து பாதை மேற்கால போடிக்குத் திரும்பிருது. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், லோயர் கேம்ப், எதுக்கும் இல்ல. திண்டுக்கல்லிலிருந்து கம்பம் வழியா குமுளிப் பக்கம் ஒரு ரயில் வேணும்ங்கற கோரிக்கை எங்க தாத்தா காலத்துல இருந்து இருக்கு. கார்த்திகை, மார்கழியில சபரிமலை போற கூட்டம் முழுக்க அந்த ரோட்டுலதான்.

சபரிமலை சீசன் ரெண்டு மாசம். தினசரி கூட்டம் வேற. விடியக்காலை அஞ்சு, ஆறு மணிக்குக் கம்பத்துல, போடியில போய் நின்னு பாருங்க. தூக்குச்சட்டியோட பொம்பளைங்க ஜீப்புல நெருக்கியடிச்சு உட்கார்ந்து மலை ஏறுவாங்க. கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியா இடுக்கி ஏலக்காய்த் தோட்டங்களுக்கு. சாயங்காலம் அதே ஜீப்புல இறங்குவாங்க. அந்த மலையில ரயில் ஏறாது, சரி. ஆனா அந்த ஜீப் ஸ்டாண்டுக்கு வந்து சேரவே பக்கத்து ஊர்கள்லேருந்து அவங்க வேற வண்டி பிடிக்கணும். அவங்க நாள் தொடங்குற நேரத்துக்கு எந்த ரயிலும் இல்ல. ஏலக்காய் கிலோ என்ன விலைன்னு போடி ஏலத்தைப் பார்த்து நாடே தெரிஞ்சுக்குது. பறிக்கிறவங்க எத்தனை மணிக்குக் கிளம்புறாங்கன்னு யாரும் பார்க்கறதில்ல.

இப்ப திரும்ப ஜப்பானுக்குப் போவோம். வேற ஒரு ஸ்டேஷன். வகயாமாங்கற ஊர்ல கிஷிகாவா லைன். வகயாமாவிலிருந்து கிஷி வரைக்கும், 14 கிலோமீட்டர் சொச்சம். கிட்டத்தட்ட நம்ம தேனி - போடி தூரம். அதை நடத்திக்கிட்டிருந்த பெரிய ரயில் கம்பெனி, ‘நஷ்டம், விட்டுர்றோம்’னு சொல்லிருச்சு. ஊர்க்காரங்க விடல. கூட்டம் போட்டாங்க, உள்ளாட்சிகளைப் பேச வச்சாங்க, 2006ல அந்த லைனுக்குன்னே உருவான ஒரு சின்ன கம்பெனி எடுத்து நடத்த ஆரம்பிச்சுது. கடைசி ஸ்டேஷன் கிஷியில ஊழியர்கூட இல்ல. பக்கத்துக் கடையில வளர்ந்த பூனை ஒண்ணு இருந்துச்சு, டாமான்னு பேரு. 2007 ஜனவரியில அந்தப் பூனைக்குத் தொப்பி போட்டு ஸ்டேஷன் மாஸ்டர் ஆக்கினாங்க. நிஜமாதான். அதைப் பார்க்கவே எங்கெங்கிருந்தோ ஜனம் வந்துச்சு. 2015ல டாமா செத்தப்ப அதுக்குப் பெரிய மரியாதையோட இறுதிச் சடங்கு நடந்துச்சு.

நமக்கு பூனை ஞாபகம் இருக்கு. ஆனா பூனைக்கு முன்னாடி ஊர்க்காரங்க இருந்தாங்க. ‘இந்த வண்டி எங்களுக்கு எதுக்கு வேணும், எத்தனை மணிக்கு வேணும்’னு சொல்லத் தெரிஞ்சவங்க. ஷிரதாகியிலயும் அதேதான். அந்த ஸ்டேஷன் கட்டிடத்தைப் பார்த்தீங்கன்னா நம்ம ஊர் பஸ் ஸ்டாப் அளவுதான். அங்க பெருசா இருந்தது காலையில ஸ்கூல் நேரத்துக்கு நின்ன அந்த ஒரு வண்டி.

நாம என்ன பண்ணோம்? பன்னிரண்டு வருஷமா ‘ரயில் வேணும்’னு கேட்டோம். கேட்டது தப்பில்ல, கேட்டதாலதான் வந்துச்சு. எத்தனையோ பேர் மனு கொடுத்தாங்க, உண்ணாவிரதம் இருந்தாங்க. ஆனா வண்டி வந்ததும் கைதட்டி, செல்ஃபி எடுத்து, வீட்டுக்குப் போயிட்டோம். கேக்க வேண்டிய ரெண்டாவது கேள்வியைக் கேக்கல: எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம்? தண்டவாளம் போட 500 கோடிக்கு மேல ஆச்சு. நேரத்தை மாத்தறதுக்கும் ரயில்வேக்கு வேலை இருக்கு, புரியுது. பெட்டி வேணும், ஆளு வேணும், போடியில ராத்திரி வண்டியை நிறுத்திப் பராமரிக்க ஏற்பாடு வேணும். ஆனா மலையை வெட்டிப் பாதை போட்டதோட ஒப்பிட்டா, இது செய்யக்கூடிய வேலை.

பாரதிராஜா எங்க அல்லிநகரத்துக்காரர். அவரோட முதல் படம், 1977ல வந்த ‘16 வயதினிலே’, ஒரு ரயில்வே ஸ்டேஷன்ல ஆரம்பிச்சு அதே ஸ்டேஷன்ல முடியும். மயில் பிளாட்ஃபார்ம்ல நின்னு சப்பாணிக்காகக் காத்திருப்பா. சின்ன வயசுல எனக்கு அது காதல் கதை. இப்ப பார்த்தா, எங்க ஊர்க்காரங்களுக்கு ஸ்டேஷன்னா காத்திருக்கிற இடம்னு அந்த ஆளுக்கு அப்பவே தெரிஞ்சிருக்குன்னு தோணுது.

கிளம்புற அன்னைக்கு, ஞாயித்துக்கிழமை ராத்திரி, தேனி ஸ்டேஷன்ல அம்மா வழியனுப்ப வந்தாங்க. முறுக்கு, பன்னீர் திராட்சை, வழக்கமான பை. வண்டி வர்றதுக்குக் கொஞ்ச நேரம் இருந்துச்சு. ‘நீ எப்பம்மா இந்த ரயில்ல ஏறப்போற?’ன்னு கேட்டேன். அம்மாவுக்கு மாசத்துக்கு ஒரு தடவை மதுரையில கண் ஆஸ்பத்திரி. காலையிலேயே போய் டோக்கன் போடணும். அம்மா சொன்னாங்க, ‘நான் பஸ்லயே போய்க்கிறேன் தம்பி. இது உன்னைய ஏத்தி விடறதுக்கான வண்டி.’

அவங்க கோபமாச் சொல்லல. சாதாரணமாத்தான் சொன்னாங்க. சென்னை வர்ற வரைக்கும் எனக்குத் தூக்கம் வரல.

அதனால உங்ககிட்ட ஒரு சின்ன வேலை கேக்கறேன். உங்க ஊர் ஸ்டேஷன் எதுவா இருந்தாலும் சரி, அடுத்த தடவை போகும்போது டைம் டேபிள் போர்டு முன்னாடி ஒரு நிமிஷம் நில்லுங்க. உங்க வண்டியைத் தேடாதீங்க. அங்கேயே இருக்கிற உங்க அம்மாவுக்கு, தம்பி தங்கச்சிக்கு, பக்கத்து வீட்டு அக்காவுக்கு அதுல ஒரு வண்டி இருக்கான்னு பாருங்க. இல்லன்னா அவங்ககிட்டயே கேளுங்க, எத்தனை மணிக்கு வேணும்னு. பதிலை எழுதி, கையெழுத்து வாங்கி, ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட கொடுங்க. மனு எழுதறது இன்ஸ்டா கேப்ஷன் எழுதறதைவிட ஒண்ணும் கஷ்டமில்ல. நான் ஒண்ணு எழுதிட்டேன். முதல் கையெழுத்து டீக்கடை அண்ணன். ரெண்டாவது அம்மா.

அடுத்த எபிசோடுல சந்திப்போம். பத்திரமா இருங்க.